காலி இடத்துக்காகக் கட்டிய கரை

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், வாஷிட்டா ஆற்றுக்கு வந்து சேரும் ஓடைகளின் வழியே போனால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். இரண்டு மேடுகளுக்கு நடுவே புல் மூடிய ஒரு மண்கரை. உயரம் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கரைக்குப் பின்னால் ஒரு சின்னக் குட்டை. தண்ணீர் கரையின் பாதி உயரத்தைக்கூட எட்டியிருக்காது. தண்ணீருக்கு நடுவே ஒரு கான்கிரீட் பெட்டி தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். கரையின் ஒரு ஓரத்தில், மேட்டைச் சரித்து வெட்டி, புல் வளர்த்து விட்ட அகலமான வாய்க்கால் ஒன்று. அதில் மாடு மேயும். ஷட்டர் கிடையாது, மோட்டார் கிடையாது, இரவுக் காவலுக்கு ஆளும் கிடையாது.

இத்தனை உயரக் கரையைக் கட்டிவிட்டு இவ்வளவு கொஞ்சம் தண்ணீரா என்று முதல் தடவை பார்க்கிறவர்கள் கேட்பது இயல்பு. ஏரி என்றால் நிறைந்து தளும்ப வேண்டும் என்றே பழகிய மனம் நமக்கு. கால்வாசி நிறைந்த ஏரியைப் பார்த்தால் மழை பொய்த்துவிட்டது என்று வருத்தப்படுவோம். இந்தக் கரையைக் கட்டியவர்கள் நேர் எதிராக யோசித்தார்கள். குட்டையின் நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே இருக்கிற அந்தக் காலி இடம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அடுத்த பெருமழையின் தண்ணீர் வந்து தங்க வேண்டிய இடம் அது. ஆண்டில் முந்நூற்றுச் சொச்சம் நாள் அது வெறுமனே கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தால்தான் தேவைப்படும் நாளில் உதவும்.

சிறு கணக்கு ஒன்று போட்டால் விஷயம் விளங்கும். 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள ஓர் ஓடையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரே மூச்சில் 100 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. விழுந்த தண்ணீர் மொத்தம் 10 லட்சம் கன மீட்டர். பாதியை மண் குடித்துவிட்டது என்றாலும் 5 லட்சம் கன மீட்டர் ஓடைக்கு வந்து சேரும். இது மூன்று மணி நேரத்தில் வடிந்து ஓடினால் சராசரியாக விநாடிக்கு 46 கன மீட்டர். உச்ச நேரத்தில் அதைவிடக் கூடுதல். சின்ன ஓடை அதைத் தாங்காது. கரை புரண்டு வயலுக்குள் போகும், பாலத்தை அரிக்கும், தாழ்வான வீடுகளுக்குள் நுழையும். சரி, அதே 5 லட்சம் கன மீட்டரை ஓரிடத்தில் நிறுத்தி, பத்து நாள் எடுத்துக்கொண்டு மெதுவாக விட்டால்? விநாடிக்கு 0.6 கன மீட்டர்கூட வராது. ஓடை தன் பள்ளத்துக்குள்ளேயே அதை அமைதியாகக் கொண்டுபோய்விடும். தண்ணீரின் மொத்த அளவில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. நேரத்தை நீட்டியதால் வெள்ளம் ஓடையாகிவிட்டது, அவ்வளவுதான்.

யாரும் திறக்க வேண்டாம், மூட வேண்டாம்

இந்த வேலையைச் செய்வது தண்ணீருக்கு நடுவே நிற்கும் அந்தக் கான்கிரீட் பெட்டி. அது உள்ளே கிணறு போல வெற்றாக இருக்கும். நீர்மட்டம் ஏறி அதன் விளிம்பைத் தொட்டதும் தண்ணீர் உள்ளே விழும். பெட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் கரைக்கு அடியில் குறுக்கே போய் மறுபக்கம் ஓடையில் திறக்கிறது. குழாயின் குறுக்களவுதான் மொத்த அணையின் சூட்சுமம். நீர்ப்பிடிப்பைப் பொறுத்து அளவு மாறும். சின்ன அணைகளில் ஒரு முழம், ஒன்றரை முழம் என்கிற கணக்கில் இருக்கும். அதற்குள் எவ்வளவு நுழையுமோ அவ்வளவுதான் வெளியே வரும். மேலே எவ்வளவு வெள்ளம் வந்தாலும் குழாய் அவசரப்படாது. குழாய் நிறைந்து ஓட ஆரம்பித்தபின், வெளியேற்றம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் தண்ணீரின் அழுத்த உயரம் நான்கு மடங்காக வேண்டும். அதனால் மேலே நீர்மட்டம் மளமளவென்று ஏறினாலும் கீழே ஓடையில் பெரிய மாற்றம் தெரியாது.

நள்ளிரவில் மழை கொட்டும்போது கிராமத்து ஓடையில் யாரும் போய் ஷட்டர் திறந்துகொண்டிருக்க முடியாது. இது இந்த அணைகளை வடிவமைத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மனிதக் கை படாமலே வேலை செய்ய வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

கரைக்குப் பின்னால் உள்ள இடத்தை மாடி மாடியாகப் பிரித்துப் பார்க்கலாம். அடியில் இருப்பது வண்டலுக்கான இடம். ஓடை கொண்டுவரும் மண் இங்கே படியும். அது நிறையும்வரை மேலே குட்டையாகத் தண்ணீர் நிற்கும், மாடு குடிக்கும், மீன் வளரும். பெட்டியின் விளிம்புக்கு மேலே உள்ள பெரிய மாடி வெள்ளத்துக்கானது. மழை வந்தால் நிறையும், குழாய் வழியே வடியும். அமெரிக்க விதிமுறைப்படி இதன் பெரும்பகுதி பத்து நாளுக்குள் காலியாகிவிட வேண்டும். ஒரு மழையின் பின்னாலேயே இன்னொன்று வரக்கூடும் என்பதுதான் காரணம். அந்த மாடியும் நிறைந்துவிட்டால்தான் ஓரத்தில் உள்ள புல் வாய்க்காலுக்கு வேலை வருகிறது. நம் ஏரியில் கலிங்கு செய்யும் வேலையை அது செய்கிறது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதில் தண்ணீர் ஓடும். அதற்கும் மேலே கொஞ்சம் உயரம் சும்மா விட்டிருப்பார்கள், அலைக்கும் எதிர்பாராததற்கும்.

அந்தப் புல் வாய்க்காலைக் கொட்டி நிரப்பிய கரையின் மேல் அமைப்பதில்லை. பக்கத்தில் உள்ள இயற்கை மேட்டிலேயே வெட்டுவார்கள். காலங்காலமாக இறுகிக் கிடக்கும் மண் அது. தண்ணீர் வேகமாக ஓடினால் அரிப்பு அங்கே நடக்கட்டும், கரையில் நடக்கக் கூடாது என்பது எண்ணம். புல் எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதுகூட ஊகமாக விடப்படவில்லை. ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் ஊருக்கு அருகே, ஓர் ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டு, பலவகைப் புல் வளர்த்த வாய்க்கால்களில் ஓடச் செய்து பல ஆண்டுகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். எந்தப் புல் எப்போது சாய்கிறது, எப்போது பெயர்கிறது என்பதெல்லாம் அங்கிருந்து வந்த கணக்கு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது

வெள்ளத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதற்கென்றே அணை கட்டலாம் என்பதை அமெரிக்காவில் பெரிய அளவில் காட்டியது ஓஹையோ மாநிலம். 1913 மார்ச்சில் டேட்டன் நகரம் மூழ்கி நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதன்பின் ஆர்தர் மார்கன் என்ற பொறியாளரின் தலைமையில் ஐந்து மண் அணைகள் கட்டப்பட்டு 1922இல் முடிந்தன. சாதாரண நாளில் ஆறு அவற்றின் அடியில் உள்ள திறப்பு வழியாகத் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் நிரந்தரமாகத் தண்ணீர் நிற்காது. வெள்ளம் வந்தால் திறப்பு போதாமல் தண்ணீர் பின்னால் தேங்கும், அப்புறம் வடிந்துவிடும். வறண்ட அணை என்றே அவற்றைச் சொல்வார்கள். ஆனால் அவை பெரிய அணைகள், நகரத்தைக் காக்கக் கட்டியவை.

கிராமப்புறத்துக்கு இந்த யோசனை வந்த வழி வேறு. 1934 ஏப்ரலில் வாஷிட்டா ஆறு பெருக்கெடுத்து ஓக்லஹோமாவின் ஹாமன் என்ற சிற்றூரில் 17 பேர் இறந்தார்கள். அதே ஆண்டுகளில்தான் அந்தச் சமவெளிகளில் புழுதிப் புயல் அடித்துக்கொண்டிருந்தது. உழுது உழுது வெறுமையாக்கிய நிலத்தின் மண் காற்றில் பறந்தது. மழை வந்தால் அதே மண் ஓடைக்குள் இறங்கியது. மண் அரிப்பும் வெள்ளமும் ஒரே நோயின் இரண்டு முகம் என்று ஹியூ ஹாமண்ட் பென்னட் போன்றவர்கள் வாதாடினார்கள். 1935இல் அவர் தலைமையில் மண் பாதுகாப்புத் துறை உருவானது. மழைத் தண்ணீரை அது விழுந்த இடத்துக்கு அருகிலேயே நிறுத்து. வயலில் வரப்பு போடு, சரிவுக்குக் குறுக்கே உழு, புல் வளர், அதற்கும் மீறி ஓடுவதைச் சிறு அணையில் நிறுத்து என்பது அந்தத் துறையின் வழி.

1944இல் நிறைவேறிய வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் 11 ஆற்றுப் படுகைகளில் இதைச் செய்து பார்க்க அனுமதித்தது. வாஷிட்டா அதில் ஒன்று. 1948இல் கார்டெல் ஊருக்குப் பக்கத்தில் கிளவுட் கிரீக் ஓடையில் முதல் அணை எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சாண்ட்ஸ்டோன் கிரீக் என்ற ஓடைப் படுகை முழுவதிலும் 24 அணைகள் கட்டி முடித்தார்கள். 1954இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் இந்தத் திட்டத்தை நாடெங்கும் கொண்டுபோனது. இன்று 47 மாநிலங்களில் ஏறக்குறைய 11,800 அணைகள் இந்த வகையில் நிற்கின்றன. ஓக்லஹோமாவில் மட்டும் 2,100க்கு மேல்.

சண்டை இல்லாமல் இது நடக்கவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு பெரிய அணை கட்டினால் போதும் என்றது இராணுவப் பொறியாளர் துறை. மேலே நூறு சின்ன அணை கட்டினால் பெரிய அணையே வேண்டாம் என்றார்கள் மறுதரப்பில் சிலர். இரண்டுமே மிகைதான். சிறு அணையின் பலன் அதற்குக் கீழே உள்ள சில கிலோமீட்டருக்குத் துல்லியமாகத் தெரியும். கீழே போகப்போக, அணையில்லாத ஓடைகள் வந்து சேரச் சேர, அந்தப் பலன் கரைந்துவிடும். நூறு கிலோமீட்டர் தாண்டியுள்ள நகரத்தை ஓடைத் தலையில் உள்ள கரைகளால் மட்டும் காப்பாற்ற முடியாது. அதேபோல, கீழே உள்ள பெரிய அணையால் மேலே உள்ள வயலுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. சொல்லப்போனால், மூழ்குவதே அந்த வயல்தான். எந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது விடை. ஆண்டுக்கு ஓரிரு தடவை வந்து பயிரை அழிக்கும் சிறு வெள்ளங்களுக்குச் சிறு அணைதான் சரியான மருந்து.

நிலம் கொடுத்தவர் ஒருவர், பலன் பெற்றவர் இன்னொருவர். இது எந்த நாட்டிலும் தீராத சிக்கல். கரை எழுகிற இடமும் தண்ணீர் தேங்குகிற இடமும் மேலே உள்ள விவசாயியுடையது. காப்பாற்றப்படுவது கீழே உள்ளவரின் வயல். அமெரிக்கத் திட்டத்தில் கட்டுமானச் செலவை மத்திய அரசு ஏற்றது. நில உரிமையை வாங்கித் தருவதும் பிறகு பராமரிப்பதும் உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பானது. பெரும்பாலும் நிலத்தையே வாங்கவில்லை. நிலம் விவசாயியிடமே இருக்கும். வெள்ளம் வந்தால் அதில் தண்ணீர் நிறுத்திக்கொள்ளும் உரிமையை மட்டும் எழுதி வாங்கினார்கள். வெள்ளம் பத்து நாளில் வடிந்துவிடும் என்பதால் அவர் அங்கே மாடு மேய்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் காகிதம் எழுதி எழுபது ஆண்டு ஆனபின், நிலம் இரண்டு மூன்று கை மாறியபின், அதில் எழுதியிருப்பதை நினைவில் வைத்திருப்பவர் யார்?

மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால்

மண் அணை என்றால் மண்ணைக் குவித்து வைப்பது என்று நினைப்பவர்கள் அதன் உயிர்நிலையைத் தவறவிடுகிறார்கள். குவித்த மண் தண்ணீருக்குச் சல்லடை. இறுக்கிய மண்தான் அணை. வெட்டிக் கொண்டுவந்த மண்ணை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, முள்முள்ளாகக் கால் வைத்த கனத்த ரோலரை அதன்மேல் பலமுறை ஓட்டி, அது இறுகியபின் அடுத்த சாண். பத்து மீட்டர் உயரம் இப்படித்தான் அடுக்கடுக்காக ஏறுகிறது. இரண்டு அடுக்கு ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால், நடுவே தண்ணீருக்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். தண்ணீர் நிற்கும் மேல்பக்கச் சரிவு ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் என்ற கணக்கில் தாழ்வாக இருக்கும். கீழ்ப்பக்கம் சற்றே செங்குத்தாக.

இறுக்குவதில் ஈரத்தின் பங்கு பெரியது. மண் காய்ந்திருந்தால் கட்டிகளுக்கு நடுவே இடைவெளி அப்படியே நின்றுவிடும். சேறாக இருந்தால் ரோலர் அழுத்த அழுத்தப் பிதுங்கும். நடுவில் ஒரு சரியான ஈரம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகர நீர்த் துறையில் வேலை பார்த்த ரால்ஃப் பிராக்டர் 1933இல் இதை அளக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் உலகம் முழுவதும் அவர் பெயரில்தான் அந்தச் சோதனை நடக்கிறது. ஆய்வகம் போகாமலே பழகிய கை இதை ஓரளவு சொல்லிவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுகப் பிடித்துக் கையைத் திறக்க வேண்டும். உருண்டையாக நின்று, விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாகச் சுத்தமாக உடைந்தால் ஈரம் சரி. பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். உள்ளங்கையில் பசை போல ஒட்டினால் காயவிட வேண்டும். ஒரே மண்ணைச் சரியான ஈரத்தில் இறுக்கியதற்கும் காய்ந்த நிலையில் இறுக்கியதற்கும், தண்ணீர் அரிக்கும் வேகத்தில் பல மடங்கு வித்தியாசம் வரும். ஒப்பந்தக்காரர் தண்ணீர் லாரிச் செலவை மிச்சம் பிடித்தால் அது அன்றைக்குத் தெரியாது. இருபது ஆண்டு கழித்து, ஒரு ராத்திரியில் தெரியும்.

இன்னொரு சோதனையும் சொல்லத்தான் வேண்டும். களிமண் என்றால் தண்ணீரைத் தடுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்களுக்கு ஓக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் சில அணைகள் பாடம் சொல்லின. நன்றாக இறுக்கிய களிமண் கரையே, முதல் தடவை தண்ணீர் ஏறியதும், சின்ன வெடிப்பு வழியாக அரித்துத் துளை விழுந்து உடைந்தது. சோடியம் கூடுதலாக உள்ள சில களிமண்கள் தண்ணீரில் தாமாகவே கரைந்து மிதக்கத் தொடங்கும் என்பதை 1970களில் ஷெரார்ட் என்ற அணைப் பொறியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் தெளிவாக நிறுவினார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். சுத்தமான தண்ணீரில் பட்டாணி அளவு மண்கட்டி ஒன்றை ஆட்டாமல் மெதுவாகப் போட்டுப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். நல்ல களிமண் கட்டி சரிந்து அடியில் குவியும், தண்ணீர் தெளிவாகவே நிற்கும். கெட்ட களிமண்ணைச் சுற்றி மெல்லிய பால் புகை போல ஒரு கலங்கல் எழுந்து, டம்ளரின் அடி முழுக்கப் பரவும். யாரும் கலக்கவில்லை, ஓட்டமும் இல்லை, ஆனாலும் மண் தன்னால் கலைகிறது. அந்த மண்ணில் கரை கட்டினால் சுண்ணாம்பு கலக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் வடிகட்டி வைத்துக் காக்க வேண்டும்.

கரைக்கு அடியில் போகும் குழாயின் கதையிலும் இதே பாடம்தான். குழாயை ஒட்டித் தண்ணீர் கசியும் என்பது பழைய அனுபவம். அதைத் தடுக்க, குழாயைச் சுற்றி இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கான்கிரீட் வளையங்கள் போட்டார்கள். கசிகிற தண்ணீர் வளைந்து வளைந்து போகட்டும், களைத்துவிடும் என்பது நம்பிக்கை. பல பத்தாண்டுகள் இதுவே நடைமுறையாக இருந்தது. ஆனால் வளையங்களுக்கு நடுவே ரோலர் போக முடியாது. அங்கே மண் சரியாக இறுகாமல் நின்றது. எந்த இடத்தைக் காக்க நினைத்தார்களோ அந்த இடமே கரையின் மெலிந்த இடமானது. 1980களில் அமெரிக்காவில் இதைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது குழாயின் பின்பகுதியைச் சுற்றிச் சுத்தமான மணலைத் தடுப்பாக வைக்கிறார்கள். தண்ணீர் கசியலாம்; அதை மணல் விடும். மண் துகளை விடாது. கசிவை நிறுத்த முயன்ற காலம் போய், கசிவுக்கு வழிவிட்டு மண்ணை மட்டும் பிடித்து வைக்கும் காலம் வந்திருக்கிறது. இந்தத் துறையில் நடந்த பெரிய மனமாற்றம் இதுதான் என்பேன்.

எப்படி உடைகிறது

மண் அணைகள் உடைந்த வரலாற்றைப் புரட்டினால் இரண்டு காரணங்கள் ஏறக்குறைய சரிபாதியாக நிற்கும். ஒன்று, தண்ணீர் கரையின் மேலேறி வழிவது. இன்னொன்று, கரைக்குள்ளே அரித்துக் குழாய் போல வழி உண்டாவது. சரிவு நழுவி விழுவது, நிலநடுக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேலேறி வழிந்தால் கரையின் உச்சி முதலில் போவதில்லை. கீழ்ப்பக்கச் சரிவில் புல் பெயர்ந்த ஓர் இடத்தில் சின்னப் பள்ளம் விழும். தண்ணீர் அதில் அருவி போல விழுந்து அடியைத் தோண்டும். பள்ளம் படியாகும், படி பின்னோக்கி, உச்சியை நோக்கி ஏறும். உச்சியைக் கடந்து மேல்பக்கம் போய்ச் சேர்ந்ததும் உடைப்பு. ஸ்டில்வாட்டரில் ஆளுயரக் கரைகள் கட்டி, வேண்டுமென்றே தண்ணீர் வழியவிட்டுப் பார்த்த சோதனைகளில், மணல் கலந்த மண்ணால் ஆன கரை ஒரு மணி நேரத்துக்குள் உடைந்தது. களி மிகுந்த மண்ணால் ஆனது மணிக்கணக்கில் தாங்கியது. கீழே உள்ள ஊர்க்காரர்கள் தப்பி ஓடுவதற்கான நேரம் எவ்வளவு என்பதை அந்த வித்தியாசம் தீர்மானிக்கும்.

1889 மே 31இல் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை இப்படித்தான் உடைந்து, ஜான்ஸ்டவுன் ஊரில் 2,209 பேர் இறந்தார்கள். அது வெள்ளத் தடுப்பு அணை இல்லை. கால்வாய்க்கு நீர் தரக் கட்டி, பின்னர் பணக்காரர்களின் மீன்பிடிக் கழகத்துக்குக் கைமாறியது. ஆனால் ஒரு மண் அணைக்குச் செய்யக் கூடாதது அத்தனையும் அங்கே நடந்திருந்தது. அடியில் இருந்த வடிகால் குழாய்களை முன்பே கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார்கள். கழகம் அவற்றைத் திரும்ப வைக்கவில்லை. குதிரை வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிப் போகாமல் இருக்கக் கலிங்கில் வலை கட்டினார்கள். மழையன்று அதில் குப்பை அடைத்துக்கொண்டது. கரையின் நடுப்பகுதி வேறு அமுங்கியிருந்தது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்.

உள் அரிப்புக்கு உதாரணம் ஐடஹோ மாநிலத்தின் டீட்டன். அது 93 மீட்டர் உயர ராட்சத அணை, சிறு அணை அல்ல. ஆனால் உடைந்த விதம் பத்து மீட்டர் கரைக்கும் அப்படியே பொருந்தும். 1976 ஜூன் 5, முதல் தடவையாக நிரம்பிக்கொண்டிருந்த நேரம். காலையில் கரையோரம் கலங்கல் தண்ணீர் கசிந்தது. துளை பெரிதாக, மண்ணைத் தள்ளி அடைக்க இரண்டு புல்டோசர்களை அனுப்பினார்கள். துளை இரண்டையும் விழுங்கியது. ஓட்டியவர்களைக் கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றினார்கள். நண்பகலுக்குச் சற்று முன் அணை போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 6 அதிகாலையில் ஜார்ஜியாவின் டொக்கோவா அருகே கெல்லி பார்ன்ஸ் என்ற சின்ன மண் அணை உடைந்து, கீழே ஒரு கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 39 பேர் போனார்கள். பன்னிரண்டு மீட்டருக்கு ஒட்டிய உயரம். சிறு அணை என்ற சொல்லில் உள்ள ‘சிறு’ ஆபத்தைக் குறிப்பதில்லை. கரையின் உயரமும் பின்னால் நிற்கும் தண்ணீரும் மட்டும் ஆபத்தைச் சொல்லிவிடாது. கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் இந்தத் திட்டத்தின் இன்றைய சிக்கல் வருகிறது. 1950களிலும் 60களிலும் கட்டிய அணைகளில் பல, கீழே வெறும் வயல் மட்டும் இருக்கிறது, உடைந்தாலும் உயிர்ச்சேதம் இருக்காது என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. கலிங்கின் அகலமும் கரையின் உயரமும் அந்தக் கணக்குக்கு ஏற்பத்தான். அப்புறம் என்ன ஆனது? அணை நன்றாக வேலை செய்தது. வெள்ளம் வரவில்லை. வெள்ளம் வராத தாழ்நிலம் வீடு கட்ட நல்ல இடமாகத் தோன்றியது. சாலை வந்தது, வீடுகள் வந்தன. கரையில் ஒரு கூடை மண்கூடக் கூடவோ குறையவோ இல்லை. ஆனால் அது உயிருக்கு ஆபத்தான அணைகளின் பட்டியலுக்கு நகர்ந்துவிட்டது. மேலே அணை இருப்பதே கீழே குடிவந்த பலருக்குத் தெரியாது, ஏனென்றால் அது பார்ப்பதற்குப் புல்மேடு. கீழே கட்டடம் கட்ட அனுமதி தருகிறவர்கள், அணை உடைந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்ற வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வயது இன்னொரு பக்கம். இவற்றில் பெரும்பாலானவற்றை 50 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைத்தார்கள். வண்டல் மாடி நிறையும் காலமும் அதை ஒட்டியதே. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும், கான்கிரீட் பெட்டி பொரியும். 2000ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, புதுப்பிக்கும் செலவில் 65 சதவீதத்தை மத்திய அரசு ஏற்க வழி செய்தார்கள். மீதியைத் தேடுவது உள்ளூர் அமைப்பு. புதிதாக அணை திறந்தால் நாடா வெட்டலாம். துருப்பிடித்த குழாயை மாற்றினால் அதற்கு விழா இல்லை. எல்லா நாட்டிலும் பராமரிப்புக்குப் பணம் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

மழை விட்ட மறுநாள்

பராமரிப்பில் பெரும்பகுதி கரையில் நடந்து பார்ப்பதுதான். உச்சியில் ஒருமுறை, கீழ்ப்பக்க அடிவாரத்தில் ஒருமுறை, மெதுவாக. உச்சியில் பார்க்க வேண்டியது பள்ளம்: வண்டித் தடமோ மாட்டுத் தடமோ ஓரிடத்தில் ஒரு சாண் தாழ்ந்திருந்தால், பெருவெள்ளத்தில் மொத்தத் தண்ணீரும் அந்த ஓரிடத்தில்தான் வழியும். கான்கிரீட் பெட்டியின் கம்பிவலையில் மரக்கிளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளை தோண்டும் விலங்குகளின் துளைகளைத் தேட வேண்டும். மரக்கன்று முளைத்திருந்தால் விரல் பருமனாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். கரையில் நிழல் தரும் மரம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் புயலில் அது சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும். வளர்ந்தபின் வெட்டினாலும் தொல்லைதான். மண்ணுக்குள் வேர் மக்கிப் போன தடம் தண்ணீருக்கு நேர்வழி.

அடிவாரத்தில் ஈரம் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். எல்லா மண் அணையும் கொஞ்சம் கசியும். அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்து, அளவும் போன மாதம் போலவே இருந்தால் எழுதி வைத்துக்கொண்டு நகரலாம். கலங்கி இருந்தால், கரை உள்ளுக்குள் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். கீழே இருப்பவர்களை எச்சரித்து அப்புறப்படுத்துவதும் பொறியாளரை அழைப்பதும் அந்த நிமிடமே நடக்க வேண்டும். அந்த நேரத்தில் கைக்கு வரும் முதல் யோசனை, கிடைத்த களிமண்ணையும் சாக்கையும் திணித்துத் துளையை அடைப்பது. அதைச் செய்யக் கூடாது. அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் பக்கத்தில் இன்னும் மெலிந்த இடமாகப் பார்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். துளையின் வாய்மேல் முதலில் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் என்று பரப்பிக் கனம் ஏற்ற வேண்டும். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், இருக்கட்டும். அதோடு வரும் மண் நின்று, கல்லுக்கு நடுவே கசிவது மெல்ல மெல்லத் தெளியத் தொடங்குகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.